பொன்னாடை ஏறாத தோள்

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, எனக்கு ஒதுக்கிய நேரத்தைக் கைக்கடிகாரத்தில் கண்காணித்துக்கொண்டிருக்கும் ஊராட்சித் தலைவர் தங்கராசு அவர்களே! முன்வரிசையில் முதுகு வளையாமல் அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே! செந்துறையிலிருந்தும் அரியலூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! களையெடுப்பைப் பாதியில் விட்டு, கைகால் கழுவி, நேரே பந்தலுக்கு வந்திருக்கும் தாய்மார்களே! உள்ளே இடமில்லாமல் டிராக்டர் மேலேறி நிற்கும் இளைஞர்களே! எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தயாராக இருப்பவரைப் போல நாற்காலி நுனியில் அமர்ந்திருக்கும் லெப்டினன்ட் ஜெனரல் காசிநாதன் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பெயர் பரிமளா. பிறந்தது பெரம்பலூர். இந்த விக்கிரமங்கலத்துப் பள்ளியில் வரலாறு நடத்தி, உங்களில் பாதிப்பேரை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்து, மீதிப்பேரைத் தேர்ச்சி போட்டு அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றவள்.

எனக்கு முன்னால் மூவர் பேசினார்கள். முதலில் பேசியவர் தளபதியைப் புலி என்றார். அடுத்து வந்தவர் சிங்கம் என்றார். மூன்றாமவர் சிறுத்தை என்று சொல்லிவிட்டு, போதாது என்று நினைத்தோ என்னவோ, கழுகையும் சேர்த்துக்கொண்டார். காட்டையே காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது ஒரு மனிதன் மட்டும்தான்.

இருங்கள், இருங்கள், இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் தட்டுகிறீர்கள்.

சற்று முன்பு இந்த மேடையில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். தலைவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு போனார். தளபதி எழுந்தார். வணங்கினார். துணியைக் கையில் வாங்கினார். மடித்தார். மேசைமேல் வைத்தார். அடுத்து வணிகர் சங்கம். அதையும் வாங்கினார், மடித்தார், வைத்தார். அடுத்து முன்னாள் மாணவர்கள். அதுவும் அப்படியே. மேசைமேல் பொன்னாடைகள் மலையாய்க் குவிந்திருக்கின்றன. தோளில் ஒரு நூல்கூட இல்லை.

அப்போது பந்தலின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "பெரிய ஆளு ஆயிட்டா நம்ம ஊரு துணி தோள்ல ஒட்டாதாக்கும்!" சிரித்தீர்கள். யார் குரல் என்று எனக்குத் தெரியும். இளவரசா, தலையைக் குனிந்துகொள்ளாதே. நீ கேட்டது நியாயமான கேள்வி. ஆணவமா? அலட்சியமா? அழைத்து வந்து அமர வைத்தவர்களை அவமதிப்பதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். தளபதியிடம் காலையிலேயே அனுமதி கேட்டேன். "சொல்லுங்க டீச்சர். ஆனா கூட்டிச் சொல்லாதீங்க" என்றார். ஆகவே கூட்டாமல், குறைக்காமல் சொல்கிறேன்.

காசிநாதன் இதே ஊரில், கிணற்றுப் பாசனத்துக் கடலைக் கொல்லைக்காரர் வீட்டில் பிறந்தார். அரசுப் பள்ளியில் படித்தார். அரியலூரில் கல்லூரி, அங்கே என்.சி.சி., பிறகு ராணுவ அதிகாரிகளுக்கான தேர்வு, பிறகு பயிற்சி. இதுவரை பலரும் போன பாதைதான். அதற்குப் பிறகு அவர் கேட்டது, பெயரைக் கேட்டாலே மற்றவர்களெல்லாம் வேண்டாம் என்று கும்பிட்ட ஓரிடம். சிறப்புப் படை. கமாண்டோ. தூங்க விடமாட்டார்கள். சோறு இருக்கும், சாப்பிட நேரம் இருக்காது. முதுகில் மூட்டையோடு மலையில் ஓட விடுவார்கள். "போதும் சார், நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். இவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "சொல்லணும்னுதான் நெனச்சேன் டீச்சர். எனக்கு அப்ப இந்தி சரியா வராது" என்றார்.

சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

அந்தப் படையில் தேறியவனுக்கு ஒரு சடங்கு உண்டு. கண்ணாடி டம்ளரில் சாராயத்தை ஊற்றிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, டம்ளரின் விளிம்பைப் பல்லால் கடித்து உடைத்து மென்று துப்ப வேண்டும். பிறகுதான் மெரூன் தொப்பி. அந்த உதட்டுக் காயத்தோடு காசிநாதன் விடுப்பில் வந்தார். அவருடைய தாய் லீலாவதி அம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து மகனுக்காக முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தார். காயம் என்னடா என்று கேட்டார். விஷயத்தைக் கேட்டதும் மாவை வழித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "கண்ணாடி கடிக்கிற புள்ளைக்கு நான் எதுக்குடா வெந்து வேகறேன்? போயி ரெண்டு டம்ளரக் கடி!"

இந்த மெரூன் தொப்பியைப் பார்த்து மயங்கிய ஒருவன் இதே தெருவில் இருந்தான். வெள்ளைச்சாமி. கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த பாப்பாயி அம்மாளின் ஒரே மகன். அவனுக்குக் கீழே ஒரு தங்கை, ஜெயசித்ரா, என் மாணவி. தூரத்து உறவில் காசிநாதனுக்குப் பாப்பாயி அத்தை முறை. வெள்ளைச்சாமி சிப்பாயாகச் சேர்ந்தான். கெஞ்சிக் கேட்டுச் சிறப்புப் படைக்குப் போனான். அவனும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அவனும் கண்ணாடி கடித்தான்.

அங்கே ஆட்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். சேர்ந்து உண்ண வேண்டும், சேர்ந்து உறங்க வேண்டும், ஒருவன் தண்ணீரை மற்றவன் குடிக்க வேண்டும். ஜோடி என்றால் அப்படி ஒரு ஜோடி. அதிகாரி காசிநாதனுக்கு ஜோடி, சிப்பாய் வெள்ளைச்சாமி. காஷ்மீரத்துக் காட்டில் இவர்கள் இருவரும் வயர்லெஸ்ஸில் நம் ஊர்ப் பேச்சிலேயே பேசிக்கொள்வார்களாம். "அந்தாண்ட ரெண்டு நிக்கிது. இந்தாண்ட ஒண்ணு குந்தியிருக்கு. நீ சும்மா கெட, நான் பாத்துக்கறேன்." எதிரி ஒட்டுக்கேட்டான். என்ன புரியும்? ஆடு மாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பான்.

ஆனால் வெள்ளைச்சாமி தன் தாயிடம் ஒரு பொய் சொல்லியிருந்தான். "நான் சமையக்கட்டுல இருக்கேம்மா. துப்பாக்கியே தொடுறதில்ல. சாம்பார் வெக்கிறதுதான் வேல." பாப்பாயி நம்பாமல் காசிநாதனைக் கேட்டார். "வூட்ல ஒருநாளும் ஒல வெக்காத பய, இவனா சமைக்கிறான்?" காசிநாதன் முகத்தை மாற்றாமல், "ரசம் நல்லா வெக்கிறான் அத்தை" என்று சொல்லிவிட்டார். தாய் பயப்படக் கூடாது என்று மகன் சொன்ன பொய். மகனுக்காக அதிகாரி சொன்ன பொய். அந்தப் பொய்தான் ஒருநாள் இந்த ஊரையே ஏமாற்றியது.

அது கார்கில் சண்டை முடிந்த அடுத்த வருஷம். ஒரு செவ்வாய்க்கிழமை, பொழுது சாயும் நேரம். பஸ் நிறுத்தத்து எஸ்.டி.டி. பூத்துக்குத் திருச்சியிலிருந்து ஓர் அழைப்பு. பேசியவர் இந்தப் பக்கத்துப் பழைய ராணுவக்காரர். "ஒங்க ஊரு கமாண்டோ போயிட்டாராம்ப்பா. பேரு இன்னும் வெளிய சொல்லல. வூட்ல பக்குவமாச் சொல்லுங்க."

பெயர் எதற்கு? ஊர் அறிந்த கமாண்டோ ஒருவர்தானே? மேஜர் காசிநாதன்தானே? வெள்ளைச்சாமி சமையல்காரன் ஆயிற்றே! யாருக்காவது சந்தேகம் வந்ததா? எனக்கு வரவில்லை. உங்களுக்கும் வந்திருக்காது. அன்று இரவே அரியலூரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். விடிவதற்குள் ஒட்டிவிட்டார்கள். தொப்பி வைத்த காசிநாதன் படம், கீழே இரண்டு சொட்டுக் கண்ணீர், அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் ஊர்ப் பெரியவர்கள் பெயர்கள்.

சாவு வீட்டுக்கு உறவுக்காரர்கள் புதுத்துணி எடுத்து வந்து போர்த்துவது நம் வழக்கம். கோடி என்போம். சாவுக்கென்று எடுத்த கோடி எடுத்தவர் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அதுவும் நம் வழக்கம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செய்தி கேட்டவுடன் பாப்பாயி அம்மாள் கடைத்தெருவுக்கு ஓடினார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து இங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த பாய், கதவைப் பாதி சாத்தியிருந்தார். மறுபடி திறந்தார். "நல்ல வேட்டியாக் குடுங்க பாய். புள்ள ஆபீசரு." அத்தை முறைக்காரர் அல்லவா? முதல் கோடி அவர் கையால்தான் விழுந்தது. உடல் இன்னும் வரவில்லை. காசிநாதன் போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருந்தார்கள். அந்தப் போட்டோமேல் போர்த்தினார்.

புதன்கிழமை. நானும் அந்த வீட்டில் இருந்தேன். தெரு கொள்ளாத கூட்டம். லீலாவதி அம்மாள் கத்திக் கத்திக் குரல் போய், பாப்பாயியின் மடியில் தலை வைத்துக் கிடந்தார். பாப்பாயி அவர் தலையைக் கோதிக்கொண்டே ஒப்பாரி வைத்தார். அப்போது ஒரு ராணுவ ஜீப் வந்து நின்றது. சுபேதார் ஒருவர் இறங்கினார். வாசலுக்கு வந்தார். படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், திகைத்துப் போனார்.

"வெள்ளைச்சாமியோட அம்மா யாரும்மா?"

"நாந்தான் சாமி. எம் மவன் சமையக்காரனாச்சே. அவன எதுக்குக் கேக்குறீங்க?"

சுபேதார் தொப்பியைக் கழற்றினார். அதற்குள் யாரோ, "அப்ப எங்க மேஜரு?" என்று கேட்டுவிட்டார்கள். "மேஜர் சாருக்கு ஒண்ணும் இல்ல. கையிலதான் அடி. நல்லாருக்கார்." அவ்வளவுதான்! கூட்டம் கொந்தளித்தது, கூவியது, குதித்தது. ஒருவர் விசிலடித்தார். சவ ஊர்வலத்துக்கு வாங்கி வைத்திருந்த வேட்டை ஒருவர் சந்தோஷத்தில் கொளுத்தியே விட்டார். அந்த வேட்டுச் சத்தத்துக்கு நடுவில்தான் சுபேதார் குனிந்து பாப்பாயியிடம் சொன்னார். "இன்னிக்கி விடியக்காலம்மா. ஒங்க மகன்தான்."

லீலாவதி அம்மாள் சிரித்தார். நான் பார்த்தேன். பெற்றவள் சிரிக்காமல் என்ன செய்வாள்? ஆனால் சிரித்த அந்த முகம் பாப்பாயியின் மடியில் இருந்தது.

பாப்பாயி அலறவில்லை. மடியிலிருந்த தலையை மெல்ல இறக்கிப் பாயில் வைத்தார். எழுந்தார். போட்டோமேல் கிடந்த கோடியை எடுத்தார். மடித்தார். "இது இந்த வூட்டுக்கு இல்ல" என்றார். திரும்பக் கூடாத துணியோடு தெருவில் இறங்கித் தம் வீட்டுக்கு நடந்தார். கூட்டம் வழி விட்டது.

வெள்ளைச்சாமியின் உடலோடு காசிநாதனும் வந்தார், கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு. படைவீரர்கள் தேசியக்கொடியை எடுத்து மடித்துத் தாயிடம் கொடுத்தார்கள். கொடி இருந்த இடத்தில் பாப்பாயி அந்தக் கோடியைப் போர்த்தினார். யார் எடுத்த கோடி என்று காசிநாதன் தம் தாயைக் கேட்டார். "ஒனக்கு வந்ததுப்பா" என்றார் லீலாவதி அம்மாள்.

ஒனக்கு வந்தது. அந்த இரண்டு வார்த்தையை அவர் அதற்குப் பிறகு எங்கே இறக்கி வைத்தார்? எங்கேயும் இல்லை. அந்தச் சண்டைக்காகக் குடியரசுத் தலைவர் மாளிகையில் கீர்த்தி சக்ரா கொடுத்தார்கள். பதக்கத்தைச் சட்டையில் குத்த விட்டார். கர்னல் ஆனார், ஒரு பட்டாலியனை நடத்தினார். பிரிகேடியர் ஆனார். லடாக் பனியில் ஒரு டிவிஷன், வடகிழக்கு மழையில் அதைவிடப் பெரிய படையான ஒரு கோர். எத்தனை கல்லூரிகள்! எத்தனை சங்கங்கள்! எத்தனை மேடைகள்! எல்லா மேடையிலும் பொன்னாடை வந்தது. எல்லாப் பொன்னாடையும் கைக்குத்தான் வந்தது, தோளுக்கு ஏறவில்லை. தமக்கென்று எடுத்த துணியை இன்னொருவன் போர்த்திக்கொண்டு போய்விட்டான், இனிமேல் தமக்கு ஒரு துணி கிடையாது என்பது அவர் எண்ணம். இளவரசா, உன் கேள்விக்குப் பாதிப் பதில் இது.

தம் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருந்த ஜெனரலை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இதோ உட்கார்ந்திருக்கிறார். தமிழ் தெரியாத இளம் அதிகாரிகள் இது என்ன விருது சார் என்று கேட்பார்களாம். "எங்க ஊர்ல எனக்குக் குடுத்தது" என்பாராம்.

இவ்வளவும் செய்தவர் செய்யாதது ஒன்றுண்டு. அதையும் சொல்ல வேண்டும். நான் புகழ மட்டும் வரவில்லை. ஒவ்வொரு விடுப்பிலும் பாப்பாயி வீட்டு வாசலுக்குப் போவார். "நல்லாருக்கீங்களா அத்தை?" என்பார். "இருக்கேன் தம்பி" என்பார் அவர். ஒரு செம்புத் தண்ணீர் வரும். குடிப்பார். திரும்புவார். எதிரியின் கதவை உதைத்துத் திறந்த கால், இந்தத் திறந்த கதவைத் தாண்டவில்லை.

பாப்பாயி அம்மாள் என்ன ஆனார்? ஜெயசித்ராவின் கல்யாணத்தில் கூறைப்புடவைத் தட்டை அவர் தொடவில்லை. தாலியறுத்தவர், அதனால் ஒதுங்குகிறார் என்று ஊர் நினைத்தது. நானும் நினைத்தேன். பேரனுக்குக் காது குத்தினார்கள், துணியைத் தொடவில்லை. சென்ற பங்குனியில் அரியலூரில் ஜெயசித்ரா வீடு கட்டிக் குடிபோனாள். தாய்வீட்டுச் சீராகத் துணி வைத்துக் கொடுக்க வேண்டும். பாப்பாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் தனியே கூட்டிப்போய்க் கேட்டேன். சொன்னார். இதைச் சொல்லலாமா என்று அவரிடமும் இன்று கேட்டுவிட்டேன். "சொல்லிக்க டீச்சரு, இனிமே ஒளிச்சு என்ன ஆவப்போவுது" என்றார்.

"செவ்வாக்கெழம சாயங்காலம் நான் கோடி எடுத்தேன் டீச்சரு. எம் புள்ள புதங்கெழம விடியக்காலந்தான் போனான்னு அந்த மிலிட்டரிக்காரரு சொன்னாரு. அப்ப, நான் எடுத்தப்ப யாருமே சாவல. காசியும் உசுரோட இருந்தான், எம் புள்ளயும் உசுரோட இருந்தான். எடுத்த கோடி சும்மா போவுமா? ஆளத் தேடிக்கிச்சு. நாந்தான் எம் புள்ளைக்குச் சாவ வாங்கியாந்தேன். இந்தக் கை யாரு மேல துணி போட்டாலும் அவங்களுக்கு ஆவாது."

அம்மா! தாய்மார்களே! இத்தனை வருஷமாக ஒருத்தி, தன் மகனைத் தானே கொன்றதாக எண்ணிக்கொண்டு நம் தெருவில் தண்ணீர் எடுத்தாள், நம்மோடு களை எடுத்தாள், நம் வீட்டு விசேஷங்களுக்கு வந்து தூண் ஓரம் நின்றாள். நம்மில் யாராவது கேட்டோமா?

எனக்கு அன்று தூக்கம் இல்லை. வரலாற்று வாத்தியாருக்கு ஒரு கெட்ட பழக்கம், எது முன்னால், எது பின்னால் என்று அடுக்கிப் பார்ப்பது. புதன் விடியற்காலையில் நடந்த சாவு, செவ்வாய் சாயங்காலமே திருச்சிக்கு எப்படித் தெரிந்தது? சாவுக்கு முன்னால் செய்தி எப்படி வரும்? மறுநாள் காலையில் தளபதிக்குப் போன் போட்டேன். பாப்பாயி சொன்னதைச் சொன்னேன்.

"செய்தி முன்னாடி வரல டீச்சர். தேதிதான் பின்னாடி போச்சு."

நடந்தது இதுதான். வெள்ளைச்சாமி போனது செவ்வாய்க்கிழமை விடியற்காலை. ஆனால் எதிரிகளில் சிலர் இன்னும் காட்டுக்குள் பதுங்கியிருந்தார்கள். காசிநாதனின் குழுவும் அங்கேயே பதுங்கி, அவர்களுக்காகக் காத்திருந்தது. குழு வெளியே வரும்வரை மூச்சு விடக்கூடாது என்பது உத்தரவு. வெளியே வந்தது புதன் விடியலில். அதைத்தான் மேலிடத்தில் சாவு நாளாகக் குறித்தார்கள். நடந்தது ரகசியம் என்று முத்திரை விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையே யாரோ ஒரு ராணுவக்காரர் இன்னொரு ராணுவக்காரர் காதில் போட்டது மட்டும் எப்படியோ திருச்சிக்கு வந்துவிட்டது.

ஏன் இதை அந்தத் தாயிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "வேலைல இருக்கறவரைக்கும் வாயத் தொறக்க முடியாது டீச்சர். போன வருஷம் அந்த ரகசியத்த எடுத்துட்டாங்க. அப்பவாவது சொல்லிருக்கணும். ஒரு நாள் முன்ன பின்ன இருந்தா அத்தைக்கு என்ன ஆயிரப்போவுதுன்னு இருந்துட்டேன்." ஒரு காட்டில் எத்தனை வழி, எத்தனை மறைவு, எந்தப் புதரில் எவன் என்று கணித்தவர், ஒரு தாயின் மனசு எந்த வழியில் போகும் என்று கணிக்கவில்லை. இது தளபதியின் தவறு. அவர் முன்னாலேயே சொல்கிறேன். தலையாட்டுகிறார், பாருங்கள்.

இன்று காலை அவர் வேட்டி கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பாப்பாயி வீட்டுக்குப் போனார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. குனிந்து உள்ளே போனார். வெறுந்தரையில் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை என்றார். எல்லாவற்றையும் சொன்னார். பாப்பாயி அம்மாள் முறத்தில் கடலை உடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு கை நின்றது.

"தனியாவா கெடந்தான்?"

"இல்ல அத்தை. அன்னிக்கிப் பகல் பூரா, ராத்திரி பூரா நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

"ஒன்னக் காப்பாத்தப் போயித்தான் செத்தான்னு ஊரு சொல்லுதே?"

"இல்ல அத்தை. அன்னிக்கி மொதல்ல போற முறை அவனுது. மறுநா என்னுது. அவன் முறைய அவன் செஞ்சான்."

கேட்டீர்களா? அலங்காரம் இல்லை. அழுகை இல்லை. நாம் இத்தனை காலம் மேடை போட்டுச் சொல்லிவந்த கதையை ஒரே வரியில் தள்ளிவிட்டார். எனக்கென்னவோ இந்தக் கதையில்தான் வெள்ளைச்சாமி இன்னும் பெரியவனாகத் தெரிகிறான்.

பாப்பாயி அம்மாள் அடுத்துக் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப திதி குடுக்குறது ஒரு நா தள்ளியா குடுத்துக்கிட்டு இருக்கேன்? வருசா வருசம் எம் புள்ள ஒரு நா பசியோட காத்துக்கிட்டு இருந்தானா?"

தளபதி முறத்தை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். "அத்தை, நீங்க கோடி எடுத்தப்ப அவன் போயிப் பொழுது சாஞ்சிருச்சு. எனக்குன்னு நெனச்சு எடுத்தீங்க. அது எனக்கு வந்ததே இல்ல. மொதல்லேருந்தே அது அவனுதுதான். நானும் இத்தினி வருசமா என்னுதுன்னு நெனச்சுட்டேன்."

பாப்பாயி அவரையே பார்த்தார். முறத்தை எடுத்தார். "நேரமாவுது. கூட்டம் காத்துக் கெடக்கும். கெளம்புங்க" என்றார். அவ்வளவுதான். விழாவுக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தலைவரிடமிருந்து எனக்குத் துண்டுச் சீட்டு வந்துவிட்டது. முடிக்கிறேன், தலைவரே. எது வீரம்? பனிமலை ஏறியதா? பதக்கம் வாங்கியதா? படை நடத்தியதா? பாரதம் பாராட்டியதா? அவையெல்லாம் வீரம்தான், மறுக்கவில்லை, அவற்றுக்கெல்லாம் அரசாங்கம் பத்திரம் கொடுத்துவிட்டது. நான் சாட்சி சொல்ல வந்தது, இன்று காலை ஒரு கூரை வீட்டுக்குள் ஒருவர் குனிந்து நுழைந்ததற்கு. "நான் சொல்லாமல் விட்டது தப்பு" என்று தரையில் உட்கார்ந்ததற்கு. தமக்காக ஒருவன் உயிர் கொடுத்தான் என்று ஊர் கட்டிய கதையைத் தம் வாயாலேயே இறக்கி வைத்ததற்கு. அதற்குப் பத்திரம் யார் கொடுப்பார்கள்? மேசைமேல் இருக்கும் பொன்னாடையில் ஒன்று அவர் தோளேறுமா என்று எனக்குத் தெரியாது. நான் வரலாறு நடத்தியவள், ஜோசியம் பார்ப்பவள் அல்ல.

என்ன அங்கே, பெண்கள் பக்கம் சலசலப்பு? உட்காருங்கள், உட்காருங்கள்... யார் எழுந்திருப்பது?

வழி விடுங்கள். அந்த நாற்காலியை நகர்த்துங்கள். ஜெயசித்ரா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள். வேண்டாமா? சரி, அவரே ஏறட்டும். யாரும் கை தட்டாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், தட்டாதீர்கள். இந்த ஊர் ஒருமுறை அவசரப்பட்டு வேட்டு வெடித்தது போதும்.

தலைவர் மேசையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து நீட்டுகிறார். பாப்பாயி அம்மாள் தலையாட்டி வேண்டாம் என்கிறார். மஞ்சள் பையைத் திறக்கிறார். வேட்டி. புது வேட்டி. பாய் கடையின் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறது. இன்று மத்தியானம் போய் எடுத்திருக்கிறார்! பிரிக்கிறார். தளபதி எழுந்து நிற்கிறார், விறைப்பாக, அணிவகுப்பில் நிற்பதைப் போல. துணியை வாங்கக் கையை நீட்டவில்லை. கைகள் இரண்டும் பக்கவாட்டில் இருக்கின்றன.

பாப்பாயி அம்மாள் ஏதோ சொல்கிறார். உங்களுக்குக் கேட்டிருக்காது, மைக் என்னிடம் இருக்கிறது. நான் சொல்கிறேன். கூட்டாமல், குறைக்காமல் சொல்கிறேன்.

"குனி காசி. எனக்கு எட்டல."

குனிந்துவிட்டார்.

தோளில் ஏறிவிட்டது. இளவரசா, பார்த்துக்கொள், நம் ஊர்த் துணி ஒட்டியிருக்கிறது. இப்போது தட்டுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தட்டுங்கள். இந்தச் சத்தத்துக்கு மேல் என் பேச்சுக்கு வேலை இல்லை. பேச இடம் கொடுத்த தலைவருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், மேடையேறி வந்த பாப்பாயி அம்மாளுக்கும் நன்றி சொல்லி, எல்லோரையும் கும்பிட்டு, என் இடத்தில் போய் உட்காருகிறேன்.